வெள்ளி முடியின் கறுப்பு

என் சின்ன மகளின் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர் விஜயராஜ்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஆனால் நல்ல எண்ணத்தில் ஒரு மனுஷன் முட்டாள்தனம் செய்ய ஆரம்பித்தால் அவனைத் தடுப்பது இருக்கிறதே, அது கெட்டவனைத் தடுப்பதைவிடக் கஷ்டம். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் ஊர் மடுகரையில் எல்லோருக்கும் தெரியும். நானும் கத்திப் பார்த்தேன். கேட்கவில்லை.

இளவரசி பிறக்கும்போதே வெள்ளி முடியோடு பிறந்தாள். கிழவிகளுக்கு வருகிற நரை மாதிரி இல்லை. புதிதாக ஈயம் பூசிய பாத்திரம் வெயிலில் மின்னுமே, அப்படி ஒரு சாம்பல் மினுமினுப்பு. புருவம், கண் இமை முடி எல்லாம் அதே நிறம். மூத்தவள் செங்கமலத்துக்கு, கமலி என்று கூப்பிடுவோம், தலை கன்னங்கரேல் என்று இருக்கும். எனக்கும் அவருக்கும் அப்படித்தான். குழந்தை பார்க்க வந்த சனமெல்லாம் முதலில் குழந்தையைப் பார்க்கும், அப்புறம் என் முகத்தைப் பார்க்கும். எதற்குப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

அவருக்குச் சின்னப்பிள்ளை என்று ஒரு சித்தப்பா முறை இருக்கிறார். ஊரில் ஒரு வாய் சும்மா இருக்கிறது என்றால் அது நிச்சயமாக அவர் வாய் இல்லை. டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் வைத்து அவர் கேட்டிருக்கிறார்: "இன்னாடா விஜயராசு, உம் பொண்ணு சொல்தா வூட்டுப் பொண்ணாட்டம் இருக்குது? உம் பொண்டாட்டி அடிக்கடி டவுனுக்குப் பூட்டு வருமோ?" பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம்; அந்த வீடுகள் சிலவற்றில் வெள்ளைக்காரக் கலப்பும் உண்டு. கடையே சிரித்ததாம். இவர் சிரிக்கவில்லை, சண்டையும் போடவில்லை. நேராகப் போய் ஒரு சாயப் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"பச்சப் புள்ள தலைல இன்னாங்க இந்த எழவு?" என்றேன்.

"உன்ன ஒருத்தன் ஒரு வார்த்த பேசக் கூடாதுடி."

"அப்ப பேசறவன் வாயில பூசுங்க!"

கேட்டால்தானே. அன்றையிலிருந்து மாசம் தவறாமல் பிரஷ்ஷும் கிண்ணமுமாக உட்கார்ந்துவிடுவார். புருவத்துக்குக்கூடப் பூசுவார். கண்ணில் பட்டுவிடும் என்று இமையை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு என்னை மை தீட்டச் சொல்வார். நாளாக ஆக ஊர் முடியை மறந்துவிட்டது, பேச்சை மறக்கவில்லை. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு இளவரசி கறுப்பு முடிப் பெண்தான்.

சாயப் பாக்கெட் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் இன்னொன்று நடந்திருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. என் மாமனார் பச்சையப்பன் அவள் தலையில் ஒரு கொத்து முடி எடுத்து, ஒரு காசோடு சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்து, சாமி படத்து ஆணியில் மாட்டினார். எங்கள் வீட்டு வழக்கம் அது. மூணாம் வயசில் பச்சைவாழியம்மன் கோயிலில் மொட்டை போடுகிறவரை குழந்தை தலையில் கத்தரி படக் கூடாது. அந்த முடிச்சும் கோயிலில்தான் அவிழ வேண்டும். மாமனார் எனக்கு மாமனார் மட்டுமில்லை, என் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன், சொந்தத் தாய்மாமன். அதனால் அவரை நான் எதிர்த்துப் பேசுவதில்லை. அதாவது, மற்றவர்களைப் பேசுகிற அளவுக்குப் பேசுவதில்லை.

மூணாம் வயசு நெருங்கும்போது காய்ச்சல் பிடித்தது. விடும், மறுபடி வரும். நெட்டப்பாக்கத்தில் ஊசி போட்டோம், வில்லியனூரில் காட்டினோம். டைபாய்டு என்றார்கள், மலேரியா என்றார்கள். எதற்கும் அடங்கவில்லை. கை கால் ஈர்க்குச்சியாக இளைத்து, வயிறு மட்டும் பானையாக உப்பியது. ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கிறது, டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். கிளம்புகிற அன்று காலையில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. நான் துணி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறார். "வேர்ல வெளுத்துக்கிச்சு. டாக்டருங்க இன்னா நெனைப்பாங்க?" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். அதற்குள் பூசி முடித்துவிட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள், எலும்புக்குள் ஊசி விட்டு எடுத்துப் பார்த்தார்கள். ரத்தப் புற்றுநோய் இல்லை என்று சொன்ன அன்றைக்கு நான் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் இல்லை என்று சொன்னார்களே தவிர, என்ன என்று சொல்ல ஒருத்தராலும் முடியவில்லை. பிள்ளை நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தாள். சாவதற்கு ஒரு பேர் வேண்டாம்தான், பிழைக்க ஒரு பேர் வேண்டியிருந்தது.

அப்போதுதான் டாக்டர் ஜோஸ்பின் அந்த வார்டுக்கு மாறி வந்தார். வயசு என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நான் ஈரத்துணியால் இளவரசியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மையெல்லாம் போய்விட்டிருந்தது. டாக்டரம்மா குனிந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தவர், அப்படியே குழந்தையின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இமை ஏன் இப்படி இருக்கு?"

"பொறப்பே அப்படித்தான் மேடம். அது ஒண்ணுமில்ல," என்று இவர் முந்திக்கொண்டார்.

டாக்டரம்மா தலைமுடியை விரலால் விலக்கிப் பார்த்தார். "முடி மட்டும் இவ்வளவு கறுப்பா இருக்கே?"

இவர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். பிள்ளை உயிர் ஊசலாடுகிறது, இவருக்கு மானம் பெரிசு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது சாயம் டாக்டரம்மா," என்றேன். "தலை, புருவம் எல்லாமே சாயம். பொறந்தப்ப வெள்ளி மாதிரி இருந்துச்சு. ஊரு பேசுதுன்னு இவரு பூசிட்டாரு."

டாக்டரம்மா நிமிர்ந்தார். அப்புறம் இவரைப் பார்த்து, "மூணு வயசுக் குழந்தைக்குச் சாயமா? அதுல என்னென்ன கலக்கறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஒரு பிடி பிடித்தார். எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளி முடி, காய்ச்சல், ஈரல் வீக்கம். மூணும் சேர்ந்து வர நோய் ஒண்ணு இருக்கு. ரொம்ப அபூர்வம். முடிய மைக்ராஸ்கோப்ல பார்த்தாலே தெரிஞ்சிடும். ஆனா சாயம் ஏறின முடில எதுவும் தெரியாது." அந்த நோய்க்கு ஒரு இங்கிலீஷ் பேரும் சொன்னார், அது என் வாயில் நுழையவில்லை.

வேரோடு நாலு முடி பிடுங்கிப் பார்த்தார்கள். அடியில் சாயம் படாத இடம் நெல் முனை அளவுகூட இல்லை. இமையிலும் ஒன்றிரண்டு எடுத்தார்கள். சந்தேகமாக இருக்கிறது, அடித்துச் சொல்ல முடியவில்லை என்றார் டாக்டரம்மா. "ரத்தம் ஜீன் டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். அது வர வாரக்கணக்காகும். இந்தக் குழந்தைக்கு அவ்வளவு நேரம் இல்லம்மா. இதுதான்னு தெரிஞ்சா இன்னைக்கே மருந்த மாத்துவேன். மஜ்ஜை மாத்தற சிகிச்சைக்குச் சென்னைல இடம் கேப்பேன். சாயம் படாத முடி, பழைய முடி, எங்கயாவது இருக்கா? மொத மொட்டை போட்டது ஏதாவது?"

"மொட்டை இன்னும் போடலை," என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றேன். இவரும் நிமிர்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த ஆணிதான் ஞாபகம் வந்தது.

"செல்வி, அது சாமிதுடி," என்றார் மெதுவாக.

"புள்ள யாருது?" என்றேன். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வில்லியனூர், ஏம்பலம், நெட்டப்பாக்கம் என்று பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. அந்த டிரைவரை நான் மனதுக்குள் திட்டிய திட்டு அவன் ஏழு தலைமுறைக்குப் போதும். நடு மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தேன். மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இன்னா பொண்ணு, தனியா வந்துக்கிறே? கொழந்த எப்படி இருக்குது?"

"முடிச்ச எடுக்க வந்தேன் மாமா," என்றேன். ஸ்டூலை இழுத்துச் சாமி படத்துக்குக் கீழே போட்டுவிட்டேன். என்ன விஷயம் என்று இரண்டு வார்த்தையில் சொன்னேன்.

அவர் ஸ்டூலுக்குக் குறுக்கே வந்து நின்றார். "அதுல கைய வெக்காத. சாமிக்குன்னு வெச்சத நடுவுல அவுக்கறதா? ஒரு தபா அவுத்தோம். அது போதும்."

"எப்ப அவுத்தீங்க?"

அவர் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். விஜயராஜுக்கு முன்னால் ஒரு பெண் பிறந்து செத்துப்போனது என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒன்று அப்படிப் போகும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"தனம்னு பேரு அவளுக்கு. இதே வயசுதான். ஜொரம் வந்து வுடவே இல்ல. தலையெல்லாம் கொப்புளம், முடிய எடுத்துடுங்கன்னு நர்சு சொன்னாங்க. வூட்லயே எடுத்தோம். முடிச்சயும் அவுத்து வாய்க்கால்ல வுட்டோம். மறுவாரமே பூட்டா. சாமி குத்தம்." மூக்கை உறிஞ்சினார். "அவளுக்கும் இதே முடிதான் பொண்ணு. வெள்ளி."

நான் அவர் முன்னால் குனிந்தேன்.

"இன்னா சொன்னீங்க?"

அதற்குமேல் நான் நானாக இல்லை.

"ரெண்டு வருசமா ஊரே என்னக் கேவலமா பேசுச்சு. சொல்தாங்கறான், டவுனுக்குப் போனியாங்கறான். உம் மவன் அதுக்குப் பயந்து கொழந்த தலைய நாசம் பண்ணாரு. எங்க வூட்லயும் இப்படி ஒண்ணு பொறந்துச்சுடான்னு உன் வாய்ல ஒரு வார்த்த வரலியே! நீ எனக்குத் தாய்மாமன்தானே? வேற எவனோ இல்லியே?"

என் வாழ்க்கையில் அவரை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். அவர் தலையைத் தூக்கவே இல்லை.

"வாயால சொன்னா பலிச்சிடும்னு பயந்தேன்மா. இவளும் அவளாட்டம் பூடுவாளோன்னு. பாக்கறப்பல்லாம் தனமே திரும்பி வந்தாப்பல இருந்துச்சு. ஒவ்வொரு நாளும் பயந்துக்கினேதான் இருந்தேன்."

இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து வீசலாம் போலவும் இருந்தது. ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளை காத்துக்கொண்டிருந்தது. நானும் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மாமா, நல்லா கேளுங்க. தனத்துக்கு முடிச்ச அவுத்தீங்க, பூட்டா. சரி. இளவரசிக்கு அவுக்கவே இல்ல. அன்னிலேருந்து தலைல கத்தரியும் படல. நீங்க சொன்னபடியே எல்லாம் வெச்சிருந்தோம். அவளுக்கும் அதே ஜொரம்தான் வந்துச்சு, அதே வயிறுதான் வீங்குச்சு. முடிச்சு காப்பாத்துச்சா? அப்ப அவுத்ததால தனம் சாவல மாமா. அது இந்த நோவு."

அவர் என்னையே பார்த்தார். எத்தனையோ வருஷமாகத் தன் கையால் பிள்ளையைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த மனுஷன் அவர். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. என் கோபம் போகவில்லை. ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமிக்கு நேந்துக்கிட்டது முடியத்தானே மாமா? கொழந்தைய இல்லியே."

எழுந்தார். கொல்லைக்குப் போய்க் கை கால் கழுவிக்கொண்டு வந்தார். ஸ்டூலில் ஏறப் போன என்னை விலக்கிவிட்டுத் தானே ஏறி முடிச்சை எடுத்தார். மஞ்சளும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி அது கல்லாக இறுகியிருந்தது. அவர் விரலுக்கு அசையவில்லை. நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள். தையல் மிஷின் டப்பாவிலிருந்து கோணி ஊசியை எடுத்துக் குத்திக் குத்தி நெகிழ்த்தினேன். அவிழ்ந்தது. காசு கறுத்துப்போயிருந்தது. முடி மட்டும் அன்றைக்கு எடுத்த மாதிரியே பளபளவென்று இருந்தது.

"நானும் வரேன்," என்று மாமா சட்டையை மாட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா அந்த மஞ்சள் துணியை இரண்டு கையாலும் வாங்கினார். இரண்டே இரண்டு இழை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். எங்களை வெளியே போகச் சொல்லவில்லை. பார்த்து முடித்ததும் நிமிர்ந்து, "வாங்க. நீங்களே பாருங்க," என்றார். என் தலையிலிருந்தும் ஒரு முடி கேட்டு வாங்கி இன்னொரு கண்ணாடியில் வைத்தார்.

என் முடியை முதலில் பார்த்தேன். கறுப்பைப் பொடி பண்ணிச் சல்லடையில் சலித்துத் தூவியதுபோல ஒரே சீராக இருந்தது. இளவரசியின் முடியில் அப்படி இல்லை. முடி நெடுகக் கண்ணாடிக் குழாய் மாதிரி வெறுமையாக இருந்தது. நடுவில் மட்டும் அங்கங்கே கட்டி கட்டியாகக் கறுப்பு.

அடுத்து இவர் குனிந்தார். வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. "மேடம், கறுப்பு இருக்குதே!" என்றார். அவர் குரலே மாறிப்போயிருந்தது.

"நிறைய இருக்கு. கறுப்பு செய்யற செல்லு அதோட வேலைய ஒழுங்காத்தான் பண்ணுது," என்றார் டாக்டரம்மா. ஒரு தாளை எடுத்து நட்சத்திரம் மாதிரி ஒன்று வரைந்தார். "இதுதான் அந்த செல்லு. இப்படிக் கை கையா நீட்டிக்கிட்டு இருக்கும். நடுவுல கறுப்பச் செஞ்சு, சின்னச் சின்ன மூட்டையா கட்டும். அந்த மூட்டைங்க கை நுனிக்குப் போகணும். அதுக்கு உள்ளயே ரோடு இருக்கு. ரோட்டுல மூட்டையத் தூக்கிட்டு நடக்கற புரதம் இருக்கு. போறதுக்குத் தனி, திரும்பி வரதுக்குத் தனி."

"அம்மாம் சின்னதுக்குள்ள ரோடா?" என்றார் இவர்.

"ஆமா. மூட்டை நுனி வரைக்கும் போயிடுது. போனதும் அங்க ஒரு ஆள் அதப் பிடிச்சு நிறுத்தணும். நிறுத்தினாத்தான் பக்கத்துல வளர முடிக்குக் கை மாத்த முடியும். உங்க பொண்ணுக்குப் பிடிச்சு நிறுத்தற அந்த ஒரு ஆள்தான் இல்ல."

இவர் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். சிமெண்டு, உரம், மாட்டுத் தீவனம் எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துகளான நாலு கொம்யூனும் சுற்றுகிறவர். டாக்டரம்மா முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எறக்க ஆளில்லன்னா லோடு திரும்பிடும் மேடம்," என்றார். "காட்டேரிக்குப்பத்துக்கு ஒரு நாளு உர மூட்டை ஏத்திட்டுப் போனேன். ஊர்ல ஏதோ சாவு, எறக்க ஒருத்தனும் வரல. அப்படியே திருப்பிக்கினு வந்தேன். குடோன்ல மூட்ட குமிஞ்சு கெடக்கும், வயலுக்கு ஒண்ணும் போவாது."

"அதேதான் நடந்திருக்கு. நடுவுல குமிஞ்சு கிடக்கு. அதான் முடிக்குள்ளயும் கட்டி கட்டியா வருது." டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "முடி வெள்ளையா இருந்தா ஒண்ணும் இல்ல. ஆனா கிருமி புகுந்த செல்லக் கொல்ற ரத்த செல்லும் இப்படித்தான் விஷத்த மூட்டையா கட்டி ஓரத்துக்குக் கொண்டுவரும். அங்க எறக்கறதுக்கும் இதே ஆள்தான் வேணும். இல்லாததால விஷம் உள்ளயே நிக்குது, கொல்ல வேண்டியதக் கொல்ல முடியல. சண்டை மட்டும் முடியாம நடக்குது. அந்தச் சண்டைதான் காய்ச்சல், வீக்கம் எல்லாம்."

"புள்ள பொழைக்குமா?" என்று கேட்டேன். எனக்கு மூட்டையும் தெரிய வேண்டாம், ரோடும் தெரிய வேண்டாம்.

"சும்மா விட்டா பிழைக்காது. இப்ப பேரு தெரிஞ்சு போச்சு. மருந்தால சண்டைய அடக்கிட்டு, அக்காவோட மஜ்ஜை பொருந்துதான்னு பார்ப்போம். பொருந்தினா நல்ல வாய்ப்பு இருக்கு. நான் விடப் போறதில்ல. நீங்களும் விடாதீங்க."

அதுவரை மூலையில் நின்ற மாமா, "இது எங்கேருந்துமா வந்துச்சு?" என்று கேட்டார்.

"அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் இருக்கணும் ஐயா. ஒருத்தர்கிட்ட இருந்து மட்டும் வந்தா நோய் வராது. ரெண்டு பேரும் குடுத்தாத்தான் வரும். சொந்தத்துக்குள்ள கட்டிக்கிட்டா அதுக்கு வாய்ப்பு ஜாஸ்தி."

மாமா தனத்தைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது ஐயா. நீங்க முடி எடுத்ததால இல்ல," என்றார். மாமா கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இரண்டு பேரும் கொடுத்தால்தான் வரும் என்ற வார்த்தை அவர் முகத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. கண் கலங்கி, ஏதோ பாரம் இறங்கினாற்போல ஒரு மூச்சு விட்டார். அந்த மூச்சுக்கு அவரை அங்கேயே ஒரு அறை அறைந்திருப்பேன்.

வராந்தாவுக்கு வந்ததும் கேட்டேன்: "இன்னா, இப்ப நிம்மதியா? அத்தாட்சி கெடைச்சிடுச்சா?"

"செல்வி, சத்தியமா நான் அப்படி..."

"ஒரு நாள்கூட நெனைக்கல?"

அவர் பொய் சொல்லவில்லை. அதற்காகத்தான் அவரோடு இன்னும் குடித்தனம் நடத்துகிறேன். "ஒரே ஒரு நாளு," என்றார். "டீக்கடையிலேருந்து வந்த அன்னிக்கு. அப்புறம் என் மேலயே எனக்கு அசிங்கமாயிடுச்சு. அந்த அசிங்கத்தத்தான் பூசிப் பூசி மறைச்சேன்."

"கொழந்த பொழைக்கட்டும். உன்ன அப்புறம் வெச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போனேன்.

அன்று சாயங்காலமே மருந்தை மாற்றினார்கள். காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. பிற்பாடு ஜீன் டெஸ்டும் முடி சொன்னதையே சொன்னது. கமலியின் மஜ்ஜை பொருந்தியது. அந்த நல்ல செய்தியைக் கேட்டு நாங்கள் எல்லோரும் அழ, அவள் மட்டும், "என்து குடுத்தா எனக்கும் வெள்ளி முடி வருமா?" என்று கேட்டாள். வராது என்றதும் அவளுக்கு முகம் சுண்டிப்போனது. சென்னையில் கண்ணாடி அறைக்குள் நான் இளவரசியோடு கிடந்த கதையைச் சொன்னால் இன்னொரு கதை ஆகும். மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. சாயம் பூசிய முடி எல்லாம் போனது. நான் அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். ஒரு இழைகூட எடுத்து வைக்கவில்லை. பிள்ளையை மட்டும் விடவே இல்லை. வாந்தி எடுத்தாலும் பிடித்துக்கொண்டேன், சோறு வேண்டாம் என்றாலும் ஊட்டினேன், கத்தினாலும் ஊட்டினேன்.

பிழைத்தாள். கமலி கொடுத்த ரத்தம் அவள் உடம்பில் ஊறி, எறக்க வேண்டியதை எறக்க ஆரம்பித்தது.

மூணாம் வயசு ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டதால் அஞ்சாம் வயசில் பச்சைவாழியம்மன் கோயிலில் மொட்டை போட்டோம். அதற்குள் முடி தோள்வரை வளர்ந்துவிட்டது. வெள்ளியாகவே வளர்ந்தது. மஜ்ஜை ரத்தத்தைத்தான் சரி பண்ணும், முடியைப் பண்ணாது என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார். இவர் சாயக் கடைப் பக்கமே போகவில்லை. குட்டியானையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தலை மின்ன மின்ன ஊர் நடுவிலேயே ஓட்டிக்கொண்டு போவார்.

என் தம்பி வீரமணி மடியில் இளவரசி உட்கார்ந்திருக்க, மொட்டை போடுகிற பரியாரி தண்ணி தடவி, முடியை வாழை இலையில் வழிக்க ஆரம்பித்தார். சனம் சுற்றி நின்றது. சின்னப்பிள்ளை சித்தப்பாவும் முன்வரிசையில்தான். வாய் சும்மா இருக்குமா?

"இன்னாடா விஜயராசு, இம்மாம் வைத்தியம் பண்ணியும் மறுபடி வெள்ளையாவேதான் மொளச்சிருக்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் திறந்துவிட்டார். இலையில் விழுந்த முடியில் ஒரு கொத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"கறுப்பு உள்ளதான் இருக்குது சித்தப்பா. நாங்க ரெண்டு பேரும் சேந்து குடுத்த புள்ள இது. செத்துப்போன எங்க அக்கா தனத்துக்கும் இதே முடிதான், எங்க அப்பாவக் கேளு. கறுப்பு வெளிய வரல, அவ்ளோதான். வராட்டிப் போவுது. ஆனா எம் பொண்டாட்டியப் பத்தி உன் வாய்லேருந்து இனிமே ஒரு வார்த்த வரக் கூடாது. வந்துச்சு, சித்தப்பான்னு பாக்க மாட்டேன்."

இந்த வார்த்தையை அவர் அன்றைக்கே டீக்கடையில் சொல்லியிருக்க வேண்டும். பரவாயில்லை, இப்போதாவது சொன்னாரே. சித்தப்பா, "நான் இன்னாடா சொல்லிட்டேன் இப்ப?" என்று முனகிக்கொண்டே வேப்பமரத்தடிக்கு நகர்ந்துவிட்டார். மாமா கூட்டத்தைப் பார்த்து, "ஆமாம்பா, எம் பொண்ணுக்கும் இப்படித்தான்," என்று சத்தமாகச் சொன்னார். தனம் என்ற பேரையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கவில்லை.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும் இளவரசி தடவித் தடவிப் பார்த்துச் சிரித்தாள். மாமா இலையில் இருந்த முடியை இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்கை அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டார். இன்னொரு பங்கை என்னிடம் நீட்டினார்.

"இத அந்த டாக்டரம்மாகிட்ட குடு. படிக்கிற புள்ளைங்களுக்குக் காட்டட்டும். நாளைக்கு வேற எவ வூட்டுக் கொழந்தையாவது இப்படி வந்தா அதுங்களுக்கு ஒடனே தெரியணும்."

"சாமி கோவிச்சுக்காதா மாமா?" என்று சீண்டினேன்.

"மொத முடியே அவங்ககிட்டதான் போச்சு. கோவிச்சுக்கினா இந்நேரம் காட்டியிருக்கும்," என்றார்.

டாக்டரம்மா திருப்பிக் கொடுத்த பழைய மஞ்சள் துணியைத் துவைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தேன். முடியை அதில் வைத்து முடிந்தேன். இந்தத் தடவை முடிச்சை இறுக்கிப் போடவில்லை.